அடிக்கட்டையில் ஒரு கூட்டல் குறி

வாசகர் கேள்வி – பதில்

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிச் சென்ற முறை எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, துப்பாக்கியைவிட, தோட்டாக்களை அடுக்கி அதன் பிடிக்குள் செருகப்படும் மேகசினைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இங்கே ஒகையோவில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில் மர அடிக்கட்டை கொண்ட இரண்டு லூகர் மேகசின்களை வாங்கினேன். இரண்டிலும் ஒரே நான்கு இலக்க எண் உள்ளது. ஒன்றில் எண்ணுக்குக் கீழே ஒரு கூட்டல் குறி இருக்கிறது. எண்ணை அடுத்துள்ள சிற்றெழுத்து மட்டும் ஒன்றில் ‘ஏ’ என்றும் மற்றதில் ‘சி’ என்றும் உள்ளது. கூட்டல் குறி உதிரி மேகசினைக் குறிப்பது என்றும், இவை ஜோடி என்றும் விற்றவர் சொன்னார். உண்மையா?

பதில்: கூட்டல் குறியைப் பற்றி அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஜோடி என்றது சரியன்று. ஜெர்மானியத் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கி, எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் இரண்டு மேகசின்களுடன் வழங்கப்பட்டது. ஒன்று துப்பாக்கியின் பிடிக்குள்ளும் மற்றொன்று தோல் உறையின் பக்கவாட்டுப் பையிலும் இருந்தன. இரண்டின் அடிக்கட்டையிலும் துப்பாக்கியின் வரிசை எண்ணையே பொறித்தார்கள். உறைப்பையில் கிடக்கும் உதிரி மேகசினை அடையாளம் காண்பதற்காக அதன் எண்ணுக்குக் கீழே ஒரு கூட்டல் குறியையும் சேர்த்தார்கள். பின்னாளில் காவல்துறைக்கு வழங்கப்பட்ட லூகர்களில் கூட்டல் குறிக்குப் பதிலாக 1, 2 என்ற எண்களைக் காணலாம்.

சிக்கல் நீங்கள் குறிப்பிட்ட சிற்றெழுத்தில்தான் இருக்கிறது. அக்காலத்து எண்ணிடும் முறையில் வரிசை எண் நான்கு இலக்கங்களைத் தாண்டிப் போவதில்லை. பத்தாயிரம் நிறைந்ததும் எண் மறுபடியும் தொடக்கத்துக்குத் திரும்பி ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும்; அடுத்த பத்தாயிரத்துக்குப் பின் ‘பி’ வரும். எனவே எழுத்து வேறானால் துப்பாக்கியும் வேறு. அதோடு முடிவதுமில்லை. ஆண்டு பிறந்ததும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது. பெர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனமும் எர்ஃபுர்ட் அரசுத் தொழிற்சாலையும் தத்தமக்கென்று தனித்தனி வரிசை வைத்திருந்தன. ஆகவே எண்ணும் எழுத்தும் முழுமையாகப் பொருந்தினாலும், அந்த மேகசின் அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ‘பொருந்தும் எண்’ என்ற இரண்டு சொற்களுக்காக மக்கள் கொடுக்கும் விலையைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைவுதான் வரும்.

விலை ஏறும் இடத்தில் போலியும் முளைக்கும். வட்டம் வட்டமாகக் கோடிட்ட மர அடிக்கட்டைகள் இன்று புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. அவ்வாறு செய்து விற்பதில் தவறில்லை. அதில் யாரோ எண்ணைப் பொறித்து, தேநீரில் ஊறவைத்துப் பழமையாக்கி விற்பதுதான் மோசடி. பூதக்கண்ணாடியில் பாருங்கள். நூறாண்டுக்கு முன் பொறித்த எண்ணின் குழியில் மரநார்கள் நசுங்கி, எண்ணெயும் அழுக்கும் படிந்து, குழியின் அடி சுற்றியுள்ள மரத்தைவிடக் கறுத்திருக்கும். பழைய கட்டையின்மேல் அண்மையில் பொறித்திருந்தால் குழிக்குள் வெளிறிய மரம் தெரியும். வட்டக் கோடுகளைக் கண்டதும் கடற்படை மேகசின் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட லூகர்களிலும் அவை உண்டு.

இவ்வளவையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது மேகசினின் உடல். முதல் உலகப் போர்க்கால உடல் தகட்டை மடித்து இணைத்து நிக்கல் பூசியது. இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும். இணைப்பே இல்லாத குழாய் உடல் அதற்குப் பிந்திய காலத்தது. நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில், அழகான எண்ணும் கூட்டல் குறியும் பொறித்த மர அடிக்கட்டை கொண்ட ஒன்றை ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதை மேசைமேல் வைத்து ரசித்த பிறகுதான், அதன் உடலில் இணைப்புக் கோடு இல்லை என்பது கண்ணில் பட்டது. பழைய கட்டையைப் புதிய உடலுக்கு யாரோ மணமுடித்து வைத்திருந்தார்கள். அடிக்கட்டையைப் பார்த்து மயங்கி உடலைப் பார்க்க மறந்தது என் பிழை. அன்றிலிருந்து முத்திரையைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

கேள்வி: என்னிடம் மூன்று லூகர் மேகசின்கள் உள்ளன. முதலாவதன் அடிப்பாகம் அலுமினியம். அதில் 122 என்ற எண்ணும், கழுகும் அதன் கீழ் 37உம் உள்ளன. இரண்டாவது கறுப்பு பிளாஸ்டிக் அடி கொண்டது. ‘எஃப்-எக்ஸ்-ஓ’ என்றும் ‘பி.08’ என்றும் பொறித்திருக்கிறது. மூன்றாவதும் கறுப்பு அடிதான். ஆனால் ‘2/1001’ என்றிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு தொழிற்சாலைகளா? (மினசோட்டா வாசகர்)

பதில்: மூன்றையும் ஒரே ஊரில் செய்தார்கள் என்று சொன்னால் வியப்பீர்கள். சூல் நகரத்து சி.ஜி. ஹேனல் நிறுவனந்தான் இந்த மூன்று குறிகளுக்கும் பின்னால் இருப்பது. நாஜி ஆட்சி ஆயுதப் பெருக்கத்தை மறைப்பதற்காகத் தொழிற்சாலைகளின் பெயர்களுக்குப் பதில் குறியீடுகளைக் கொடுத்தது. முதலில் எண்கள் வந்தன. 1940ஐ ஒட்டி எழுத்துக் குறியீடுகள் வந்தன. ஹேனலுக்கு முதலில் 122ஆகவும் பின்னர் எஃப்-எக்ஸ்-ஓ ஆகவும் குறி அமைந்தது. ‘பி.08’ என்பது லூகரின் ராணுவப் பெயர். அதேபோல லூகர்களைச் செய்த மௌசர் நிறுவனம் எஸ்/42 என்றும், 42 என்றும், பி-ஒய்-எஃப் என்றும் அடுத்தடுத்து வேடம் மாறியது. கழுகின் கீழுள்ள எண், பொருளைச் சோதித்து ஏற்றுக்கொண்ட ராணுவ ஆய்வாளர் பிரிவைக் குறிப்பது. மௌசரிலிருந்து வந்த அலுமினிய அடிகளில் கழுகின் கீழ் 63 என்று காண்பீர்கள்.

முன் சொன்ன இணைப்பில்லாத உடல் இந்த ஹேனலின் கைவேலைதான். ஆயுத வடிவமைப்பாளர் ஹியூகோ ஷ்மைசர் பணியாற்றிய நிறுவனம் அது. லூகரின் பிடி மிகவும் சாய்ந்திருப்பதால் மேகசினும் சாய்ந்திருக்கிறது. தோட்டாக்களை அந்தச் சாய்வில் தடையின்றி மேலே தள்ள வலுவான சுருள்வில் வேண்டும். விரலால் தோட்டா நிரப்புவது கட்டைவிரலுக்குத் தண்டனையாக இருந்ததால், மேகசினின் பக்கவாட்டுக் குமிழைப் பிடித்துக் கீழே இழுப்பதற்கென்றே ஒரு சிறு கருவியை உறைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். இத்தகைய அழுத்தத்தில் மடித்து இணைத்த தகட்டைவிடக் குழாய் உடல் உறுதியாக நிற்கும்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று எச்சரிக்கை வேண்டும். போருக்குப் பின் சூல் நகரம் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. அங்கே மக்கள் காவல்படைக்குப் பழைய லூகர்களைப் பழுது பார்த்துக் கொடுத்தபோது, அவற்றுக்கான புதிய மேகசின்களையும் செய்தார்கள். 2/1001 என்பது அந்தக் காலத்து முத்திரை. வேலைத்தரத்தில் அது எதற்கும் குறைந்ததன்று. ஆனால் அதைப் போர்க்காலத்தது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு மூன்றில் மிகவும் சுவையானது அதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: ‘மேகசின்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்றைப் பயன்படுத்தக் கூடாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தோட்டாப்பெட்டி, தோட்டாக்கூடு என்றெல்லாம் முயன்று பார்த்தேன். பெட்டி என்றால் தோட்டா விற்கும் அட்டைப்பெட்டி நினைவுக்கு வருகிறது. கூடு என்றால் சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடு நினைவுக்கு வருகிறது. காவல்துறையினர் உட்பட எல்லோரும் மேகசின் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அரபு மொழியில் கிடங்கைக் குறிக்கும் ‘மக்ஸன்’ என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போய், வெடிமருந்துக் கிடங்காகி, தோட்டாக்களின் கிடங்காகி, இன்னொரு கிளையில் எழுத்துகளின் கிடங்காகி இப்போது உங்கள் கையில் இதழாகவும் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் எம்1911ஏ1 கைத்துப்பாக்கிக்கான ஏழு தோட்டா மேகசின் ஒன்றை வாங்கினேன். அடித்தட்டின் விளிம்பில் ‘சி-எல்’ என்று மிகச் சிறிதாக உள்ளது. கோல்ட் நிறுவனம் செய்தது என்று கொள்ளலாமா? இதன் மேற்பகுதி சாம்பல் நிறமாகவும் கீழ்ப்பகுதி நீலமாகவும் இருக்கும் வகை பழையது என்கிறார்களே, அது எப்படி? (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: கோல்டுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்வதே பொருத்தம். இரண்டாம் உலகப் போரின்போது மேகசின்களைத் துணை ஒப்பந்தக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். எல் என்பது எம்.எஸ். லிட்டில், எஸ் என்பது ஸ்கோவில், ஆர் என்பது ரிஸ்டன், ஜி என்பது ரெமிங்டன் ராண்டின் ஜெனரல் ஷேவர் பிரிவு. எழுத்துக்கு முன் ‘சி’யும் சேர்ந்து வந்தால் அந்த ஒப்பந்தக்காரர் அதைக் கோல்டுக்கு வழங்கினார் என்று பொருள். ஆகவே உங்களுடையது லிட்டில் செய்து கோல்டுக்குக் கொடுத்தது. கோல்ட் செய்த துப்பாக்கியோடு அதைச் சேர்த்து வைப்பது பொருத்தமாக இருக்கும். ரெமிங்டன் ராண்ட் செய்த துப்பாக்கிக்குள் செருகி வைத்து ‘அசல்’ என்றால், அறிந்தவர்கள் புன்னகைப்பார்கள்.

இந்தப் பெயர்களைப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். நான் வசிக்கும் கனெக்டிகட் மாநிலத்து நிறுவனங்கள் இவை. ஸ்கோவில் வாட்டர்பரி நகரில் சட்டைப் பித்தான் செய்துவந்த பழைய பித்தளைத் தொழிலகம். ஜெனரல் ஷேவரின் பெயரே அது முகச்சவரக் கருவி செய்த பிரிவு என்று சொல்லிவிடுகிறது. மேகசின் என்பது துப்பாக்கிப் பாகமாயினும், அதைச் செய்யும் வித்தை மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி மடிப்பதுதான். அந்த வித்தை துப்பாக்கிக்காரர்களைவிடப் பித்தான்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் தையல் இயந்திரமாக அறிமுகமான சிங்கர் நிறுவனங்கூட இதே எம்1911ஏ1 துப்பாக்கியை 500 எண்ணிக்கையில் செய்துகொடுத்தது. அந்த ஐந்நூற்றில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் செய்தியாகிவிடுகிறது. இதனாலேயே ‘சிங்கர் மேகசின்’ என்ற பெயரில் எவரேனும் எதையாவது நீட்டினால் நான் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுவது வழக்கம்.

இரு நிறத்தைப் பற்றி: தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்புகள் தேயாமலும் விரியாமலும் இருக்க வேண்டும். அதற்காக மேற்பகுதியை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள். துருவைத் தடுக்க எஃகுக்கு ஏற்றியிருந்த நீலம் அந்தச் சூட்டில் அங்கே போய்ச் சாம்பல் நிறம் வந்தது. கீழ்ப்பகுதி நீலமாகவே நின்றது. அழகுக்காகச் செய்ததன்று, வேலையின் தடம். அதனால் இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடம் அசல் மேகசினில் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. ஒன்று மற்றொன்றுக்குள் மெல்லக் கரையும். நேர்கோடாகப் பிரிந்திருந்தால் ஐயப்படுங்கள். இந்த வகை இரண்டாம் உலகப் போரின் தொடக்கம் வரை நீடித்தது. அதன்பின் முழுவதும் ஒரே நிறம் வந்தது. அடித்தட்டில் ஒரு கம்பி வளையம் இருந்தால் இன்னும் பழையது, 1911க்கும் 1916க்கும் இடைப்பட்டது. குதிரைமேல் போகும் வீரர் மேகசினை மாற்றும்போது அது தரையில் விழுந்து தொலையாமல் இருக்க, கயிற்றில் கட்டிக்கொள்வதற்கான வளையம் அது. அதற்கு மாறாக, 5508694 என்ற நீண்ட வரைபட எண் பொறித்திருந்தால், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அது போருக்குப் பிந்தியதே.

கேள்வி: எழுத்தோ எண்ணோ இல்லாத மேகசின் கிடைத்தால் அது எந்தத் துப்பாக்கிக்குரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வால்தர் பி38 மேகசின்களில் போர்க்காலத்ததைப் பிரித்தறிய வழி என்ன? (மிச்சிகன் வாசகர்)

பதில்: முதலில் அதைத் துப்பாக்கியில் எது பிடித்து நிறுத்தியது என்று பாருங்கள். உடலின் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தால், கட்டைவிரல் பொத்தானுள்ள துப்பாக்கி அது; லூகர், எம்1911, டோக்கரெவ், பிரௌனிங் ஹைபவர் ஆகியவை இந்த வகை. வெட்டு இல்லாமல் அடித்தட்டின் பின்விளிம்பு நீண்டிருந்தால், பிடியின் அடியிலுள்ள கொக்கி அதைப் பிடித்திருக்கும். வால்தர் பி38உம் இத்தாலியின் பெரெட்டா 1934உம் இப்படிப்பட்டவை. அடுத்ததாகச் சாய்வைப் பாருங்கள். மேசைமேல் அடித்தட்டை வைத்து நிறுத்தினால் எம்1911 மேகசின் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்; லூகருடையது விழப்போகும் மரம்போல் சாயும். தோட்டாக்கள் ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா என்று உள்ளே பார்த்து, மேல்விளிம்புகளுக்கிடையே உள்ள அகலத்தை அளந்தால் .45ஐயும் 9 மி.மீட்டரையும் பிரித்துவிடலாம். மௌசர் சி96ஐத் தேடி ஏமாற வேண்டாம். அதன் வழக்கமான வடிவில் மேகசின் துப்பாக்கியோடே பிணைந்திருக்கும், தனியே வராது.

பி38இல் உடலின் பக்கத்திலேயே ‘பி.38’ என்றிருப்பதால் பெயரில் குழப்பமில்லை, காலத்தில்தான் குழப்பம். போர்க்காலத்ததில் ஆய்வாளரின் கழுகு முத்திரை இருக்க வேண்டும். அதன் எண் செய்த நிறுவனத்தைப் பொறுத்தது: வால்தருக்கு 359, மௌசருக்கு 135, ஸ்பிரீவெர்க்குக்கு 88. மேற்கு ஜெர்மன் ராணுவம் 1957 முதல் இதே துப்பாக்கியை வாங்கியது; 1963இல் அதற்குப் பி1 என்று பெயர் மாற்றியது. அதன் மேகசின்கள் பி38க்கும் பொருந்தும். கழுகு இல்லாமல் பளபளவென்று இருப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்தவை. சுடுவதற்கு அவையே மேல்.

கேள்வி: என் தாத்தா பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் நிக்கல் பூசிய ஒரு மேகசின் கிடைத்தது. அடிப்பிடி அலுமினியம், அதில் மூன்று இலக்க எண் இருக்கிறது. உள்ளே தோட்டா இல்லை. துப்பாக்கி எதுவும் வீட்டில் இல்லை. இது என்ன? வைத்துக்கொள்ளலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் மாவட்டத்திலிருந்து இந்தக் கடிதம் வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. உங்கள் வர்ணனையும், இணைத்திருந்த படமும் ஜப்பானியப் படையின் 14ஆம் வகை நம்பு கைத்துப்பாக்கியையே காட்டுகின்றன. தைஷோ பேரரசரின் 14ஆம் ஆண்டில், அதாவது 1925இல், ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர். 8 மி.மீ. தோட்டாக்கள் எட்டு கொள்ளும். எண்ணிட்ட மேகசின்களில் துப்பாக்கியின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பொறிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே அந்த மூன்று இலக்கங்களைக் கொண்டு துப்பாக்கியைத் தேடிப் பிடிக்க இயலாது.

உடலின் முன்பக்கத்தில் சிறிய பள்ளம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 1940ஐ ஒட்டிய காலத்தில், மேகசின் எளிதில் நழுவி விழாமல் தடுக்கப் பிடியின் முன்புறம் ஒரு தகட்டுவில்லைச் சேர்த்தார்கள். அது போய் அமர்வதற்கான பள்ளம் அதன்பின் செய்த மேகசின்களில் வந்தது. பள்ளம் இல்லையென்றால் உங்களுடையது அதற்கு முந்தியது. இன்னொரு பொருத்தமும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ், இந்தியப் படைகள் முதன்மையாகப் பயன்படுத்தியவை வெப்ளி, என்ஃபீல்டு ரிவால்வர்கள். ரிவால்வருக்கு மேகசின் கிடையாது. ஆகவே அந்தத் தலைமுறை வீரர் ஒருவரின் பெட்டியில் மேகசின் கிடைத்தால், அது எதிரியிடமிருந்து வந்த போர் நினைவுப்பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு நான் விரும்பும் விடையைத் தர இயலவில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே ஆயுதத்தின் பகுதிகளையும் சேர்த்திருக்கிறது. தோட்டா இல்லை, துப்பாக்கி இல்லை, எண்பதாண்டுப் பழமையானது என்பவை உங்கள் நல்ல எண்ணத்தைக் காட்டுமே தவிர, அந்த வரையறையிலிருந்து அதை வெளியேற்றிவிடா. அதை விற்க முயலாதீர்கள், அஞ்சலில் அனுப்பாதீர்கள், சமூக ஊடகத்தில் படம் போட்டு விலை கேட்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, கிடைத்த விதத்தை எழுத்தில் கொடுத்து, உரிய அலுவலரிடம் ஒப்படையுங்கள். அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்க விரும்பினாலும் அந்த வழியாகவே போக வேண்டும். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் அளவுகோலுடன் படமெடுத்து, தாத்தாவின் படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், பெட்டியில் கூடவே கிடந்த பதக்கங்கள், கடிதங்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பதக்கங்களையும் கடிதங்களையும் எந்தச் சட்டமும் உங்களிடமிருந்து கேட்காது; என் கண்ணுக்கு அந்த மேகசினைவிட அவையே பெரியவை.

கேள்வி: டொராண்டோவிலேயே போர்க்காலத்தில் கைத்துப்பாக்கி செய்தார்கள் என்று அறிந்தேன். அதற்கான மேகசின் ஒன்று என் நண்பரிடம் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு தறையாணி அடித்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மதிப்புக் கூடுமா? (டொராண்டோ வாசகர்)

பதில்: எடுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தறையாணி, மேகசினின் கொள்ளளவைப் பத்துத் தோட்டாக்களாகக் குறைப்பதற்காக அடித்தது. கனடாவில் கைத்துப்பாக்கி மேகசினுக்கான பொது வரம்பு பத்து. ஆணியை எடுத்தால் மதிப்புக் கூடுவதற்கு முன் வழக்கு வந்து சேரும்.

பொருளோ அருமையானது. அது பிரௌனிங் ஹைபவர் மேகசின். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் பிறந்து 1935இல் படைக்கு வந்த துப்பாக்கி அந்த ஹைபவர். ஜான் பிரௌனிங் 1926இல் மறைந்தபின் வடிவமைப்பை நிறைவு செய்தவர் டியுடோனே சேவ். தோட்டாக்களை இரண்டு வரிசையாக ஒன்றையொன்று தழுவ அடுக்கி, மேலே வரும்போது ஒற்றை வரிசையாகக் குவிக்கும் மேகசின் அவருடைய ஆக்கம். எட்டுத் தோட்டாக்கள் வழக்கமாக இருந்த காலத்தில் பதின்மூன்றை ஒரு கைப்பிடிக்குள் அடக்கியது அது. பெல்ஜியம் ஜெர்மானியர் வசமானபின், உங்கள் நகரத்து ஜான் இங்கிலிஸ் நிறுவனம் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் துப்பாக்கிகளைச் செய்தது. அவற்றில் ஒரு பகுதி சீனத்துக்கென்று செய்யப்பட்டது. அதே குடும்பத்துத் துப்பாக்கி பின்னர் மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’ என்ற பெயரில் உருவாகி, இந்தியப் படையினரின் இடுப்பில் ஏறியது.

மேகசினின் முன்முகத்தில் ஒரு தேய்மானக் கோடு இருக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு ராணுவத்தின் நிபந்தனைக்காக, மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாதபடி இத்துப்பாக்கியில் ஒரு தடை வைத்தார்கள். விசையை இழுக்கும்போதெல்லாம் அந்தத் தடையின் முனை மேகசினின் முன்முகத்தில் உரசும். கோடு ஆழமாக இருந்தால் அது உறையில் உறங்கிய பொருளன்று, உழைத்த பொருள். அடியில் எலிப்பொறிபோல ஒரு வில் இருந்து மேகசினை வெளியே உதைத்துத் தள்ளினால், அது போருக்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த வகை. டொராண்டோவின் 1944ஐ அதில் தேட வேண்டாம்.

கேள்வி: சேகரித்தவற்றை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது? ஹூஸ்டனின் ஈரக்காற்றில் எல்லாம் துருவேறுகிறது.

பதில்: குறைவாகச் செய்யுங்கள். மென்துணியில் சிறிது துப்பாக்கி எண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுநாள் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். உப்புத்தாளும் எஃகுப்பஞ்சும் பக்கத்திலேயே வரக் கூடாது. நீலம் ஒருமுறை போனால் திரும்பாது. திரும்பப் பூசினால் அது வேறு பொருளாகிவிடும். நிக்கல் உரிந்த லூகர் மேகசினைப் புதிதாய்ப் பூசிப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து என்னிடம் காட்டியவர்களுக்கு நான் என்ன சொல்வதென்று தெரியாமல் தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மர அடிக்கட்டைக்கு எண்ணெய் வேண்டாம். ஊறினால் கறுத்து எண் மங்கும். கொஞ்சம் மெழுகு போதும்.

சுருள்வில்லைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உள்ளே பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகி இருந்தால், அடித்தட்டைக் கழற்றும் முறை தெரிந்த பிறகே கழற்றுங்கள். எம்1911இன் பழைய மேகசின்களில் அடித்தட்டு ஆணியடித்துப் பொருத்தப்பட்டது, கழற்றுவதற்கென்று செய்ததன்று. அவற்றை மேல்வாய் வழியாகவே சுத்தம் செய்ய வேண்டும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அசல் தோல் உறை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மேகசினை அதன் பையிலேயே செருகி வைப்பவர்கள் மிகுதி. தோலைப் பதனிட்ட பொருள்களின் அமிலமும் அது உறிஞ்சிய ஈரமும் உலோகத்தை அரிக்கும். காட்சிக்கு வைக்கும் நாளில் செருகிக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் உறை ஓரிடத்திலும் மேகசின் ஓரிடத்திலும் இருக்கட்டும்.